நிறம் பாராத மீட்பு என்னும் மாயை

அமெரிக்க ஐக்கிய நாட்டில் பாலியல் வாணிபத்துக்காக நடக்கும் ஆள்கடத்தலைப் பற்றி, கட்சிபேதமும் மதபேதமும் இல்லாமல் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டுவிட்ட அபிப்பிராயம் ஒன்று உண்டு. முகம் தெரியாத அந்நியன் ஒருவன் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய் அடைத்துவைக்கிறான். போலீஸார் கதவை உடைத்து அவளை மீட்கிறார்கள். நீதிமன்றம் அவனுக்கு நீண்ட தண்டனை விதிக்கிறது. அத்துடன் காரியம் முடிந்தது என்பது அதன் சாரம். இதற்குத் துணையாக ஒரு தத்துவமும் சேர்ந்திருக்கிறது. பெண்ணை விற்கிறவன் பணத்தைப் பார்க்கிறானே ஒழியத் தோலின் நிறத்தைப் பார்ப்பதில்லை. ஆகையால் அவளைக் காக்க வருகிறவர்களும் நிறத்தைப் பார்க்கலாகாது. கறுப்பினப் பெண்களுக்கென்று தனி முயற்சி, தனி இல்லம், தனி ஏற்பாடு என்று பேசுவது பொதுத் துன்பம் ஒன்றை இனவாரியாகக் கூறுபோடுவதாகும். அக்கம்பக்கத்தார் நடத்தும் சிறு சங்கங்கள் நல்ல மனத்தோடு ஆறுதல் சொல்லட்டும், தடுப்பதும் மீட்பதும் அரசாங்கத்தின் வேலை என்பதே அந்தத் தத்துவம்.

மறுக்கப் புகுமுன் இந்த அபிப்பிராயத்தின் வலிமையைக் குறைக்காமல் சொல்லிவிடுவது முறை. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் கையெழுத்தான ஆள்கடத்தலுக்கு ஆளானோர் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாத ஒருவரைப் பணத்துக்காகப் பாலுறவில் ஈடுபடுத்தினால், பலாத்காரமோ வஞ்சனையோ மிரட்டலோ இருந்ததென்று தனியே நிரூபிக்க வேண்டியதில்லை, அந்தச் செயலே ஆள்கடத்தல் என்று விதித்தது. ஆயுள் தண்டனை வரையில் விதிக்க இன்று அங்கே சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த வாசகத்தில் நிறம் என்ற பேச்சே இல்லை. வெள்ளையருக்கு ஒரு நீதி, கறுப்பருக்கு ஒரு நீதி என்று சட்டப் புத்தகத்திலேயே எழுதிவைத்திருந்த ஒரு தேசத்தில், எல்லோருக்கும் ஒரே வாசகம் என்பது அற்ப லாபம் அன்று. குற்றவாளியைப் பிடித்துத் தண்டிக்கும் அதிகாரம் அரசாங்கத்துக்கே உரியது என்பதையும், எந்தச் சங்கமும் அதைத் தன் கையில் எடுத்துக்கொள்ள முடியாது, எடுத்துக்கொள்ளவும் கூடாது என்பதையும் நான் மறுக்கவில்லை. சட்டத்தின் வாசகம் நிறம் பார்க்காததால், அதைக் கையாளுகிறவர்களின் கண்களும் நிறம் பார்ப்பதில்லை என்று தாவிச் செல்லும் அனுமானத்தையே மறுக்கிறேன். அந்த அனுமானம் வெறும் தர்க்கப் பிழையாக நின்றுவிடவில்லை. கறுப்பினச் சிறுமி ஒருத்தி மீட்கப்பட வேண்டிய இடத்தில் கைதாவதற்கும், அவளைக் காக்க வல்லவர்கள் பொருளும் அதிகாரமும் இல்லாமல் கடைசி வரிசையில் நிற்பதற்கும் அதுவே காரணமாகியிருக்கிறது. என் ஆக்ஷேபணைகள் ஆறு.

1. அந்நியனைத் தேடும் பழக்கம்

யார் அந்த அந்நியன்? நூறு ஆண்டுகளுக்கு மேலாக அவனைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தேடப் போன இடத்திலெல்லாம் வேறு யாரோதான் அகப்பட்டிருக்கிறார்கள். வெள்ளைப் பெண்களை அந்நியர்கள் மயக்கிக் கடத்தி விபசார விடுதிகளில் விற்கிறார்கள் என்று எழுந்த பெரும் பீதியில் 1910இல் பிறந்தது மான் சட்டம். ‘வெள்ளை அடிமை வாணிபச் சட்டம்’ என்ற பெயரையே அது தாங்கியிருந்தது. அதில் அகப்பட்டவர்களுள் உலகப் பிரசித்தி பெற்றவர் யார் என்று கேட்டால், குத்துச்சண்டையின் அதிக எடைப் பிரிவில் உலகப் பட்டம் வென்ற முதல் கறுப்பரான ஜாக் ஜான்சன் என்றுதான் விடை வரும். தம் இஷ்டப்படியே அவருடன் பழகிய வெள்ளைப் பெண்ணொருத்தியை மாநில எல்லை தாண்டி வரவழைத்தார் என்பதற்காக, வெள்ளையர் மட்டுமே அடங்கிய ஜூரி 1913இல் அவரைக் குற்றவாளி என்றது. அவர் இறந்து எழுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2018இல், ஜனாதிபதியின் மன்னிப்பு வந்தது. அந்தக் காலத்தில் மெய்யாகவே விற்கப்பட்டுக்கொண்டிருந்த கறுப்பினப் பெண்களுக்கு அந்தச் சட்டத்தின் பெயரிலேயே இடமில்லை.

பீதி இன்னும் தணியவில்லை. 2020ஆம் ஆண்டு ஜூலையில், ஒரு மரச்சாமான் வியாபார நிறுவனம் விலையுயர்ந்த அலமாரிகள் என்ற பெயரில் குழந்தைகளை விற்பதாக வதந்தி கிளம்பியபோது, ஆள்கடத்தலுக்கான தேசிய உதவித் தொலைபேசியில் அந்த வதந்தியைப் பற்றிய அழைப்புகளே வந்து குவிந்து, மெய்யான ஆபத்தில் இருந்தவர்களுக்குக் காது கொடுப்பதற்கு இடையூறாயின. ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது மறைவான சங்கதி இல்லை. காணாமற்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம், ஓடிப்போனதாகத் தன்னிடம் அறிவிக்கப்பட்டு அபாயத்தில் இருந்த பிள்ளைகளில் ஆறில் ஒருவர் பாலியல் வாணிபத்தில் சிக்கியிருக்கக்கூடும் என்று 2016இல் மதிப்பிட்டது. அவ்வாறு சிக்கியவர்களில் 86 சதவீதத்தினர் காணாமற்போன சமயத்தில் அரசாங்கத்தின் குழந்தைநலத் துறைப் பராமரிப்பில் இருந்தவர்கள். அந்தப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளிலோ, ஜனத்தொகை விகிதத்துக்கு மிஞ்சியே கறுப்பினப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதாவது, தரகன் பெரும்பாலும் தாயின் மடியிலிருந்து பெண்ணைப் பறிப்பதில்லை; தாயிடமிருந்து அரசாங்கம் பிரித்தெடுத்து, வீட்டுக்கு வீடு மாற்றி, ஒருவரும் தேடாத நிலைக்குக் கொண்டுவந்துவிட்ட பெண்ணை, ‘உனக்கு நான் இருக்கிறேன்’ என்று சொல்லி அழைத்துக்கொள்கிறான்.

இதனால் விளைந்தது என்ன? கடத்தல் நடந்திருக்க வேண்டும் என்பதே ஆம்பர் எச்சரிக்கை என்னும் அவசர அறிவிப்புக்கு நிபந்தனையாதலால், ‘ஓடிப்போனவள்’ என்று குறிக்கப்பட்ட பெண்ணுக்கு அது ஒலிப்பதில்லை. அரசாங்கப் பராமரிப்பிலிருந்து காணாமற்போகும் பிள்ளையைப் பற்றி இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவே 2014இல் தனியாக ஒரு மத்தியச் சட்டம் தேவைப்பட்டது. 12 முதல் 25 வயது வரையுள்ள கறுப்பினத்தவர் காணாமற்போனால் அறிவிப்புச் செய்ய கலிபோர்னியா மாநிலம் ‘எபனி எச்சரிக்கை’ என்ற ஏற்பாட்டை 2024ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, இனவாரியான சலுகை என்று முகம் சுளித்தவர்கள், பொதுவான எச்சரிக்கை இத்தனை காலம் யாருக்காக ஒலித்தது என்று ஒரு கணம் கேட்டுப் பார்த்திருக்கலாம்.

2. நிறம் பார்ப்பதில்லை என்ற கூற்று

புள்ளிவிவரம் என்ன சொல்கிறது? மத்திய நீதித்துறையின் புள்ளிவிவர அலுவலகம், 2008 முதல் 2010 வரை விசாரணைக்கு வந்த சம்பவங்களைப் பற்றி 2011இல் வெளியிட்ட அறிக்கையில், பாலியல் கடத்தலுக்கு ஆளானவர்கள் என்று உறுதிப்பட்டவர்களில் 40 சதவீதத்தினர் கறுப்பர், 26 சதவீதத்தினர் வெள்ளையர் என்று கண்டது. தேசத்தின் ஜனத்தொகையில் கறுப்பர் ஏறத்தாழ 13 சதவீதத்தினர். போலீஸாரின் கண்ணுக்கு எட்டியவை மட்டுமே அந்தக் கணக்கில் சேர்ந்தன என்று ஒருவர் குறை சொல்லலாம், சொல்வது நியாயம். ஆனால் போலீஸாரின் கண்ணையே பிரமாணமாகக் கொள்ளும் கட்சியார் அந்தக் குறையைச் சொல்ல முடியாது.

சரித்திரம் இன்னும் கடுமையாகப் பேசுகிறது. அடிமைத் தாயின் குழந்தை அடிமையே என்று 1662இல் வர்ஜீனியா குடியேற்றம் சட்டம் செய்தபோது, கறுப்பினப் பெண்ணின் உடல் மீது எஜமானன் செலுத்திய பலாத்காரம் குற்றமாகாமற் போனதோடு அவனுடைய ஆஸ்தியைப் பெருக்கும் தொழிலாகவும் ஆயிற்று. மிஸௌரி மாநிலத்தில் ஏறத்தாழப் பதினான்கு வயதில் விலைக்கு வாங்கப்பட்டு, வாங்கியவனாலேயே ஆண்டுக்கணக்கில் பலாத்காரத்துக்கு ஆளான ஸீலியா என்ற அடிமைப் பெண் 1855இல் அவனைக் கொன்றாள். எந்தப் பெண்ணையும் பலவந்தப்படுத்துவது குற்றம் என்று அம்மாநிலச் சட்டத்தில் இருந்தது. அந்தச் சட்டத்தின் துணைகொண்டு அவள் தன்னைக் காத்துக்கொண்டாள் என்று அவளுடைய வழக்கறிஞர்கள் வாதித்தார்கள். அவ்வாறு கருத ஜூரிக்கு இடம் தர நீதிபதி மறுத்துவிட்டார். டிசம்பர் மாதம் அவள் தூக்கிலிடப்பட்டாள். ‘எந்தப் பெண்ணையும்’ என்ற சொற்களும் நிறம் பார்க்காத சொற்களே என்பதை இங்கே கவனிக்க வேண்டும். வாசகம் பொதுவாக இருந்தது. படித்த கண் பொதுவாக இல்லை.

அந்தக் கண் இறந்தகாலத்தோடு மறைந்துவிட்டதா? ஜார்ஜ்டவுன் சட்டக்கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2017இல், வயதுவந்தோர் 325 பேரிடம் விசாரித்து வெளியிட்ட ஆய்வில், ஒத்த வயதுள்ள வெள்ளைச் சிறுமிகளைக் காட்டிலும் கறுப்பினச் சிறுமிகளுக்கு அரவணைப்பும் பாதுகாப்பும் ஆறுதலும் குறைவாகவே வேண்டும் என்றும், பாலியல் விஷயங்கள் அவர்களுக்கு அதிகம் தெரியும் என்றும் எண்ணும் மனப்பான்மை, அந்தச் சிறுமிகளின் ஐந்தாவது வயது முதற்கொண்டே இருப்பதாகக் கண்டார்கள். ஐந்து வயதில் குழந்தைமையை இழந்துவிட்டவள் பதினைந்து வயதில் தரகன் கையில் அகப்பட்டால், ஆசிரியரும் வைத்தியரும் போலீஸ்காரரும் அவளைக் குழந்தை என்று எப்படிக் காண்பார்கள்? தரகன் நிறம் பார்க்கிறானா என்பது வீண் கேள்வி. எந்தப் பெண் காணாமற்போனால் கூக்குரல் எழும்பாது என்று அவன் பார்க்கிறான். அந்த விஷயத்தில் சமூகம் அவனுக்கு முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறது.

3. பலியானவளே குற்றவாளி

சட்டப்படி சம்மதிக்கத் தகுதியற்ற குழந்தை, சட்டப்படி விபசாரி ஆவது எப்படி? இந்த முரண்பாட்டை விளங்கிக்கொள்ள முடியாதவர்கள் டெக்ஸாஸ் மாநிலத்து வழக்கொன்றைப் பார்க்க வேண்டும். மாறுவேடத்தில் வந்த போலீஸ் அதிகாரியிடம் விலை பேசியதாக 13 வயதுச் சிறுமி ஒருத்தி மீது விபசாரக் குற்றம் சாட்டப்பட்டது. பாலுறவுக்குச் சம்மதிக்கவே சட்டப்படி தகுதியில்லாத வயதில் உள்ளவள் மீது அந்தக் குற்றம் சாட்டலாகாது என்ற சாதாரண உண்மையை நிலைநாட்ட, வழக்கு 2010இல் மாநில உச்ச நீதிமன்றம் வரை போக நேர்ந்தது. மத்தியச் சட்டம் பிறந்து அப்போது பத்து ஆண்டுகள். அந்தச் சட்டம் பலியானவர் என்று அழைத்த அதே பிள்ளைகளை மாநிலச் சட்டங்கள் கைதிகள் என்று அழைத்துக்கொண்டிருந்தன. அப்படி விபசாரத்துக்காகக் கைதான சிறார்களில் ஏறத்தாழப் பாதிப் பேரும், சில ஆண்டுகளில் அதற்கு மேலும், கறுப்பினத்தவர் என்பதை மத்தியப் புலனாய்வுத் துறையின் வருடாந்தரக் கணக்குகளே காட்டின.

டென்னஸி மாநிலத்து நாஷ்வில் நகரில், தரகன் ஒருவனின் பிடியில் இருந்த சின்டோயா பிரவுன் என்ற கறுப்பினப் பெண், 2004இல் தன் பதினாறாவது வயதில், தன்னை விலைபேசி வீட்டுக்கு அழைத்துச்சென்ற 43 வயது மனிதனைச் சுட்டுக் கொன்றாள். வயதுவந்தவளாகவே பாவித்து விசாரித்து ஆயுள் தண்டனை விதித்தார்கள். 51 ஆண்டுகள் கழிந்தாலன்றி விடுதலையைப் பற்றிப் பேசவே இடமில்லை. பதினைந்து ஆண்டுகள் சிறையிலிருந்த பின், ஆண்டுக்கணக்காக நடந்த பொதுமக்கள் கிளர்ச்சியின் பயனாக ஆளுநர் கருணை காட்டியதால், 2019 ஆகஸ்டில் வெளியே வந்தாள். இது பழங்கதை என்று ஒதுக்குவாருக்கு விஸ்கான்சின் மாநிலத்துக் கெனோஷா நகரம் பதில் சொல்லும். சிறுமிகளைக் கெடுத்தான் என்று போலீஸார் 2018இல் கைதுசெய்து வெளியே விட்டுவைத்திருந்த ஒருவனை, அவனால் கெடுக்கப்பட்ட பதினேழு வயதுக் கறுப்பினப் பெண் சில மாதங்களுக்குள் கொன்றாள். ஆள்கடத்தலுக்கு ஆளானவள் என்ற எதிர்வாதத்தை அவள் எடுத்துச் சொல்லலாம் என்று 2022இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் இடம் தந்தது. எனினும் 2024இல் அவளுக்குக் கிடைத்தது 11 ஆண்டுச் சிறை. போலீஸாருக்குத் தெரிந்திருந்த அவனிடமிருந்து அவளைக் காப்பாற்ற எந்தக் கதவும் உடைக்கப்படவில்லை. ஸீலியாவுக்கும் இவர்களுக்கும் இடையில் ஒன்றரை நூற்றாண்டு கழிந்திருக்கிறது. தூக்குமேடை போய்ச் சிறைக்கூடம் வந்திருப்பதை முன்னேற்றம் என்று ஒப்புக்கொள்கிறேன், போதும் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

4. கதவை உடைப்பதே மீட்பு என்ற எண்ணம்

கதவை உடைத்த பிறகு அவள் எங்கே போகிறாள்? சோதனை வேட்டையைப் புகழ்கிறவர்கள் பதில் சொல்லாமல் தாண்டிப்போகும் கேள்வி இது. படுக்க இடம் இல்லாததால் காவல் விடுதிக்குப் போகிறாள் என்றால், ‘போலீஸ் உன்னை நம்பாது, உன்னைத்தான் உள்ளே தள்ளும்’ என்று தரகன் நாள்தோறும் சொல்லிவந்த வாக்கு அன்றே பலித்துவிடுகிறது. விடுதலையாகி வரும்போது அவள் பெயரில் குற்றப் பதிவு ஒன்று ஏறியிருக்கிறது. அதைக் கண்டு வேலை கொடுப்பவரும் வீடு வாடகைக்கு விடுபவரும் பின்வாங்குகிறார்கள். பின்வாங்காதவன் தரகன் ஒருவனே. கட்டாயத்தால் நேர்ந்த அத்தகைய தண்டனைகளை ரத்துசெய்ய 2010இல் நியூயார்க் மாநிலம் முதன்முதலாக வழிசெய்தது. மீட்பு என்று பெயரிட்டுச் செய்த காரியத்தின் விளைவை அழிக்கவே ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்றால், அந்தக் காரியத்தின் யோக்கியதை என்ன?

கடுமையை மேலும் கூட்டினால் பலன் வரும் என்பவர்களுக்கு 2018ஆம் ஆண்டின் அனுபவம் இருக்கிறது. இணைய விளம்பரங்களைக் குறிவைத்து அந்த ஏப்ரலில் ஆரவாரத்தோடு வந்த சட்டம் படைத்த புதிய குற்றப்பிரிவின்கீழ், மூன்று ஆண்டுகள் ஆகியும் ஒரே ஒரு வழக்குதான் தொடுக்கப்பட்டிருந்தது என்று மத்தியக் கணக்காய்வு அலுவலகம் 2021இல் தெரிவித்தது.

மேலும், காக்க வருகிறவரே ஆபத்தாக இருந்தால்? ஓக்லஹோமா நகரத்துப் போலீஸ் அதிகாரி டேனியல் ஹோல்ட்ஸ்க்ளா, பழைய குற்றப் பதிவோ போதைப் பழக்கமோ உள்ள ஏழைக் கறுப்பினப் பெண்களாகத் தேர்ந்தெடுத்து, அவர்கள் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்ற தைரியத்தில் பலாத்காரம் செய்துவந்தான். பதின்மூன்று பேர் சாட்சி சொன்னார்கள். 2015 டிசம்பரில் பதினெட்டுக் குற்றங்கள் நிரூபணமாகி, 263 ஆண்டுத் தண்டனை கிடைத்தது. ஒரு போலீஸ்காரனின் அக்கிரமத்தை எல்லோர் தலையிலும் ஏற்றுவது அநியாயம், நான் ஏற்றவில்லை. எந்தப் பெண்ணின் சொல் செல்லாது என்று அவன் போட்ட கணக்கு, தரகர்கள் போடும் கணக்கின் மறுபிரதியாக இருப்பதைத்தான் சுட்டுகிறேன். அந்தக் கணக்கு பொய்த்தது, பதிவு எதுவும் இல்லாத 57 வயதுப் பெண்மணி ஒருவர் துணிந்து புகார் செய்ததனால். வழக்கை ஊர் மறந்துவிடாதபடி பார்த்துக்கொண்டவர்கள் அந்நகரத்துக் கறுப்பினப் பெண்கள் கூட்டிய சிறு சங்கத்தார்.

இசைக்கலைஞர் ஆர். கெல்லியின் விவகாரம் இதையே பெரிய அளவில் காட்டுகிறது. கறுப்பினச் சிறுமிகளை அவர் கெடுக்கிறார் என்று சிகாகோ பத்திரிகையில் 2000ஆம் ஆண்டிலேயே செய்தி வந்தது. 2008இல் நடந்த வழக்கில் அவர் விடுதலையானார். பின்னர் பத்தாண்டுக் காலம் அரசாங்கம் அசையவில்லை. 2017இல் அட்லாண்டா நகரத்துக் கறுப்பினப் பெண்கள் இருவர் அவருடைய பாட்டுகளைப் புறக்கணிக்கும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். 2019 ஜனவரியில், கறுப்பினப் பெண்மணியான ட்ரீம் ஹாம்ப்டனின் தயாரிப்பில் உருவான ஆவணப்படத் தொடரில் பாதிக்கப்பட்டவர்கள் வெளிப்படையாகப் பேசினார்கள். அதன் பிறகே அரசு வழக்கறிஞர்கள் சாட்சிகளைத் தேடினார்கள். 2021இல் தீர்ப்பு; மறு ஆண்டு முப்பது ஆண்டுத் தண்டனை. ஜாக் ஜான்சனைச் சிறைக்கு அனுப்பிய அதே மான் சட்டம், கறுப்பினச் சிறுமிகளுக்கு நீதி தர நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் ஆயின. அதையும் சமூகத்தார் தள்ளிக்கொண்டுபோய்த்தான் நீதிமன்ற வாசலில் நிறுத்த வேண்டியிருந்தது.

5. அனுபவமில்லாத நல்லவர்கள் என்ற ஏளனம்

அனுபவம் யாரிடம் இருக்கிறது? அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற விக்டோரியா ஏர்ல் மாத்யூஸ், தெற்கிலிருந்து வேலை தேடிக் கப்பலேறி வரும் கறுப்பினப் பெண்களைப் போலி வேலைத் தரகர்கள் விபசார விடுதிகளுக்கு அழைத்துப்போவதைக் கண்டு, 1897இல் நியூயார்க்கில் வெள்ளை ரோஜா இல்லத்தைத் தொடங்கினார். அவருடைய ஊழியர்கள் நியூயார்க் துறைமுகத்திலும் வர்ஜீனியாவின் நார்ஃபோக் துறைமுகத்திலும் காத்திருந்து, தரகனுக்கு முன்பே அந்தப் பெண்களைச் சந்தித்து, தங்க இடமும் நம்பகமான வேலையும் தேடிக்கொடுத்தார்கள். கிளீவ்லாந்தில் ஜேன் எட்னா ஹன்டர் என்ற தாதி 1911இல் இதே நோக்கத்தோடு தொடங்கிய இல்லம் பின்பு ஃபிலிஸ் வீட்லி சங்கம் என்று பெயர் பெற்றது. மான் சட்டத்தின் ஆதரவாளர்கள் கற்பனை அந்நியனைத் துரத்திக்கொண்டிருந்த அந்த நாளில், மெய்யான தரகன் நிற்கும் இடம் துறைமுகப் படிக்கட்டு என்று இவர்களுக்குத் தெரிந்திருந்தது. தடுப்பு என்பதன் இலக்கணத்தை இவர்களிடம் கற்காமல் வேறு யாரிடம் கற்பது?

இன்றைக்கும் அந்தப் பரம்பரை அறவில்லை. மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரில் வெட்னீட்டா கார்ட்டர் 1996இல் தொடங்கிய ‘பிரேக்கிங் ஃப்ரீ’, சிறுமியாக இருந்தபோது தாமே விற்கப்பட்டு மீண்ட டீனா ஃப்ரன்ட் 2008இல் வாஷிங்டனில் தொடங்கிய ‘கோர்ட்னீஸ் ஹவுஸ்’, பல ஆண்டுகள் சிகாகோ வீதிகளில் அந்தத் தொழிலில் கிடந்து மீண்ட பிரெண்டா மையர்ஸ்-பவல் தம் தோழியோடு நடத்திய ‘டிரீம்கேச்சர்’ ஆகியவை அதன் வழித்தோன்றல்கள். இவர்கள் செய்வது என்ன? நள்ளிரவில் ஒலிக்கும் தொலைபேசியை எடுக்கிறார்கள். மீண்டு வந்த பெண் மறுபடியும் தரகனிடமே போய்விட்டால், நன்றிகெட்டவள் என்று பெயரை அடித்துவிடாமல், மூன்றாம் முறையும் ஐந்தாம் முறையும் கதவைத் திறக்கிறார்கள். தரகனைக் காதலன் என்று நம்பியிருக்கும் மனம் ஒரே நாளில் அவனை விட்டுவராது என்பது பட்டவர்களுக்குத் தெரியும். தரகன் பிடுங்கி வைத்துக்கொண்ட அடையாளச் சீட்டுக்கு மறுசீட்டு வாங்கித் தருகிறார்கள். நீதிமன்றத்துக்குக் கூடவே போய் உட்கார்ந்திருக்கிறார்கள். அவளுடைய தலைமுடிக்கு ஏற்ற சீப்பும் எண்ணெயும் இல்லாத விடுதி, ‘இது உனக்காகக் கட்டப்பட்டதல்ல’ என்று அவளுக்குச் சொல்லாமல் சொல்கிறது என்பதை அறிந்து அவற்றையும் வாங்கிவைக்கிறார்கள்.

பலனை அளந்து காட்ட முடியுமா என்று கேட்பார்கள். பாஸ்டன் நகரத்தில், மீண்ட பெண்களே சிறுமிகளுக்கு வழிகாட்டிகளாக அமையும் ‘மை லைஃப் மை சாய்ஸ்’ என்ற ஏற்பாட்டை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு, சில மாதங்களிலேயே அந்தச் சிறுமிகள் மீண்டும் சுரண்டப்படுவது குறைந்ததைக் கண்டது. சிறிய ஆய்வுதான், அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. ஆனால் வேட்டைகளுக்கு அளவுகோலாகக் கைது எண்ணிக்கையைத் தவிர வேறொன்றையும் காட்டாதவர்கள், ஓராண்டு மானியத்தை நம்பி வாழும் சங்கத்திடம் பத்தாண்டு ஆராய்ச்சி கேட்பது விந்தை. பட்டினி போட்டுவிட்டு ஏன் மெலிந்தாய் என்று கேட்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

6. பிரிவினை என்ற குற்றச்சாட்டு

கறுப்பினப் பெண்ணைத் தனியே குறிப்பிட்டால் மற்றவர்களுக்கு என்ன நஷ்டம்? நியூயார்க்கில் 1998 முதல் இயங்கும் ‘ஜெம்ஸ்’ என்ற ஸ்தாபனத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சத்துப் பெண்கள். அந்தப் பெண்களையும் உடன்வைத்துக்கொண்டு அந்த ஸ்தாபனம் போராடியதால் 2008இல் இயற்றப்பட்ட ‘பாதுகாப்புத் துறைமுக’ச் சட்டம், விற்கப்பட்ட சிறாரைக் குற்றவாளியாக நடத்தாமல் உதவிக்கு உரியவராக நடத்தத் தேசத்திலேயே முதன்முதலாக வழிவகுத்தது. 2011இல் மின்னசோட்டாவும் 2016இல் கலிபோர்னியாவும் அந்த வழியில் சென்றன. அந்தச் சட்டங்களின் நிழல் வெள்ளைச் சிறுமிக்கு மறுக்கப்பட்டதா? மிகவும் ஒதுக்கப்பட்டவளுக்கென்று திறந்த வாசலில் எல்லோரும் நுழைந்தார்கள்; எல்லோருக்கும் பொது என்று எழுதிவைத்த வாசலில்தான் அவளால் நுழைய முடியவில்லை.

நேர்மையான எதிர்க்கட்சியார் இன்னொன்றும் சொல்லக்கூடும். நான் முன்பு காட்டிய 2011ஆம் ஆண்டு அறிக்கையே, பாலியல் கடத்தல் செய்ததாகச் சந்தேகிக்கப்பட்டவர்களில் 62 சதவீதத்தினர் கறுப்பர் என்றும் கூறுகிறதே, கறுப்பினச் சமூகம் தன் வீட்டை முதலில் திருத்தட்டுமே என்பார்கள். போலீஸாரின் கண் எந்தத் தெருக்களில் அதிகம் படிந்திருக்கிறதோ அந்தத் தெருக்களின் ஆடவரே அந்தக் கணக்கில் அதிகம் விழுவர் என்பது ஒரு பதில். அதைவிட முக்கியமான பதில், ‘நம்மவனைப் போலீஸுக்குக் காட்டிக்கொடுப்பாயா?’ என்ற கேள்வியை அந்தத் தரகனே ஆயுதமாக உபயோகிக்கிறான் என்பது. போலீஸாரால் அண்ணனையும் தகப்பனையும் இழந்த பெண்ணுக்கு அந்தக் கேள்வியின் பாரம் தெரியும். அந்தப் பாரத்தை இறக்கிவைக்கப் போலீஸாரால் இயலாது. அவள் தெருவிலேயே பிறந்து வளர்ந்து, அதே பாரத்தைச் சுமந்து, ‘உன்னைக் காப்பது இனத்துரோகம் ஆகாது’ என்று உரிமையோடு சொல்லக்கூடிய மூத்த பெண் ஒருத்தியால்தான் இயலும். வீட்டைத் திருத்தும் வேலையை அவர்கள் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். செய்கிறவர்களுக்குக் கைப்பொருள் கொடுக்க மறுத்துவிட்டு, செய்யவில்லையே என்று குறைகூறுவதுதான் தகாது.

இவ்வளவும் சொன்னதன் முடிவு எளியது. விபசாரக் குற்றத்துக்காகக் குழந்தை எதுவும் எந்த மாநிலத்திலும் கைதாகலாகாது. கட்டாயத்தால் நேர்ந்த தண்டனைகளை, மனுப் போட்டு அலையவிடாமல் அழித்துவிட வேண்டும். அரசாங்கத்தின் பராமரிப்பிலிருந்து மறைந்த ஒவ்வொரு பிள்ளையையும், கடத்தப்பட்ட பிள்ளையைத் தேடும் அதே வேகத்தோடு தேட வேண்டும். வேட்டைக்குச் செலவாகும் பணத்தில் கணிசமான பங்கை, மீண்ட பெண்களே நடத்தும் இல்லங்களுக்கு, ஆண்டுக்கு ஆண்டு கையேந்த விடாமல், நீண்டகால மானியமாகத் தர வேண்டும். போலீஸார் தரகனையும் விலை கொடுப்பவனையும் துரத்தட்டும். பெண்ணை அவர்களிடமிருந்து சமூகம் பெற்றுக்கொள்ளட்டும்.

இனிமேல் மீட்பு வேட்டையின் வெற்றியை அறிவிக்கும் ஒவ்வொரு அதிகாரியும், எத்தனை பேர் கைதானார்கள் என்பதோடு வேறு கணக்கு ஒன்றையும் சேர்த்து வெளியிடட்டும்: மீட்டதாகச் சொன்ன பெண்களில் எத்தனை பேர் அன்றிரவு பூட்டில்லாத அறையில் படுத்தார்கள், ஓராண்டு கழித்து எத்தனை பேருக்கு வீடும் வேலையும் இருந்தன, அவர்களில் கறுப்பினப் பெண்கள் எத்தனை பேர்? அந்தக் கணக்கைக் காட்ட முடியாதவர்கள், காட்ட முடிகிற நாள் வரையில், நிறம் பாராத நீதியைப் பற்றிப் பிறருக்கு உபதேசிக்கும் உரிமையை ஒத்திவைப்பார்களாக.